ஒரு சாண் சிவப்பு

ஜனவரி 9

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறை இரண்டாம் மாடியில். இருபத்திரண்டு படிகள். கைப்பிடி இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது. என் உடம்பைப் பற்றி நான் உங்களுக்கு எழுதும் கடைசி வரி இதுதான்.

ஃபோன் செய்யாதீர்கள். நான் எடுக்கமாட்டேன். ஃபோனில் நான் சொல்வதை நீங்கள் கேட்பதில்லை. எப்படிச் சொல்கிறேன் என்றுதான் கேட்கிறீர்கள். நாக்கு குழறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறேனா என்று. வீடியோவில் இன்னும் மோசம். பேச்சு என் முகத்தோடும் பார்வை என் கருவிழியோடும் போகும். கடிதத்தில் என் நடையும் தெரியாது, குரலும் தெரியாது. அதனால்தான் கடிதம்.

நவம்பரில் எனக்கு வந்தது வெறும் காய்ச்சல். காய்ச்சலில் பழைய இடது கண் மங்கியது. டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். "உடம்பு சூடானா பழைய காயம் தலையைக் காட்டும்மா. இது புதுத் தாக்குதல் இல்ல. காய்ச்சல் இல்லாம இந்த மாதிரி ஏதாவது ஒரு நாள் முழுக்க நின்னுச்சுன்னா அப்ப ஓடி வாங்க." அந்த ஒரு நாள் உங்களால் பொறுக்க முடியவில்லை. அதற்குள் மேனேஜருக்கு ஃபோன். "அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு சார், ஷேடு பார்க்க விடாதீங்க." நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

காய்ச்சல் இறங்கியது, கண் திரும்பியது, வேலை திரும்பவில்லை. பதினாறு வருடம் துணியின் நிறம் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொன்னவளை, பெட்டி எண்ணும் இடத்தில் உட்காரவைத்தார்கள். பெட்டி எண்ண யார் கண்ணும் போதும்.

இங்கே யாருக்கும் என் நோயைப் பற்றித் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்கள் எழுதலாம். கடை, வீடு, அண்ணனின் குறட்டை, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். என் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். அந்த நோட்டை எரித்துவிடுங்கள்.

நாத்தனார்

*

ஜனவரி 20

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் நோட்டீஸ் கிடைத்தது. "கையெழுத்தே கோபமா இருக்கு" என்றார் உன் அண்ணன். உன் விஷயத்தில் அதற்கு மேல் அவர் எப்போது சொன்னார்?

மேனேஜருக்கு ஃபோன் செய்தது தப்பு. இதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நீ பெட்டி கட்டிய அன்று சொல்லத்தான் வந்தேன். நீ புடவைகளை மடித்த வேகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆனால் ஏன் செய்தேன் என்று ஒரு முறையாவது சொல்ல விடு. மூன்று வருடத்துக்கு முன் உனக்கு விக்கல் வந்தது. ஒரு நாள் இல்லை, பதினோரு நாள். விக்கலும் வாந்தியும். அதை வைத்து அதிகம் சிரித்தவள் நான்தான். "யாருடி அது, விடாம உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கான்? பேரைச் சொன்னா பேசி முடிச்சிடலாம்" என்றேன். உனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் விக்கல் அதிகமானது. வயிற்றுக்கு மாத்திரை வாங்கித் தந்தேன். பன்னிரண்டாம் நாள் உன் கால் எழவில்லை. இடது கண்ணில் அன்றைக்கு வெளிச்சம் மட்டும் மிச்சம், பாதிப் பார்வை பிறகுதான் திரும்பியது.

அப்புறம் அந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்கள். லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. உடம்பைக் காக்க வேண்டிய காவலே, கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் அந்நியன் என்று நினைத்து அடிப்பது. "ஒவ்வொரு அடியும் கொஞ்சத்தை எடுத்துக்கிட்டுத்தான் போகும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மிச்சம். விக்கல்லயே வந்திருக்கலாமே" என்றார்கள். அவர்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வாங்கியது அந்த நோட்டு. நீ கரண்டியைத் தவறவிட்ட நேரம், படியில் தடுமாறிய நேரம், எல்லாம் எழுதினேன். உன்னை வேவு பார்த்தேன் என்று நீ சொன்னது சரிதான். நான் பார்த்ததெல்லாம் விக்கலைத்தான்.

நோட்டு பரணில் இருக்கிறது. எரிக்க மனம் வரவில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நிபந்தனையை ஏற்கிறேன். உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டேன். இந்த மாதம் 28 ஒரு செவ்வாய்க்கிழமை. நான் நாள்காட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

நாள்காட்டி என்னிடமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு எந்த நாள் என்று எனக்குத் தெரியும். இதை ஒரு கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு தடவை.

வேலை பிடித்திருக்கிறது. சின்ன சாயப்பட்டறை, ஆனால் வாடிக்கையாளர்கள் பெரியவர்கள். நிறம் அளக்க மெஷின் இருக்கிறது. அது சொல்லும் எண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசி வார்த்தை கண்ணுக்குத்தான். லைட் பாக்ஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி, உங்கள் பழைய தையல் மெஷின் மேசை அளவு இருக்கும். உள்ளே பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மூன்று. வாடிக்கையாளர் கொடுத்த துணியையும் நாங்கள் சாயம் போட்ட துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றிலும் பார்க்க வேண்டும். பகலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பவை வீட்டு விளக்கில் பங்காளிகளாகிவிடும்.

என் கூட வேலை செய்யும் பெண் முதல் வாரமே கேட்டுவிட்டாள். "அக்கா, நீங்க ஏன் எப்பவும் தலையைக் கொஞ்சம் திருப்பியே பார்க்கறீங்க?" என் வலது கண்ணுக்குத் துணியைக் கொண்டுவருவதற்காக என்று சொல்வேனா? "ஸ்டைல்" என்றேன். இப்போது அவளும் அப்படியே திருப்பிப் பார்க்கிறாள்.

புது ஆளுக்கு மூன்று மாதம் லீவு கிடையாது. இது வேலையைப் பற்றிய தகவல்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 8

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

ஒரு தொழில் விஷயம். உடம்பு விஷயம் இல்லை.

எங்கள் கடைக்கு உறை மாற்றுவதற்காக ஒரு ஓட்டலின் வரவேற்பறை நாற்காலிகள் ஆறு வந்திருக்கின்றன. ஐந்து நன்றாக இருக்கின்றன. ஆறாவதில் யாரோ சிகரெட்டை அணைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துணி இப்போது எங்கேயும் கிடையாது. "ஒண்ணுக்காக ஆறையும் உரிக்கணுமா?" என்று கடை முதலாளி மூக்கால் அழுகிறார். "எங்க நாத்தனார் நிறம் பார்க்கறவ. அவகிட்ட கேட்டா அச்சு அசல் வந்துடும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன்னிடம் கேட்க வேண்டுமே என்ற ஞாபகம் வந்தது.

நாற்காலியின் அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். வெயில் படாத இடம், அசல் நிறம். மாதுளை முத்துச் சிவப்பு. முடிந்தால் ஒரு சாண் சாயம் போட்டு அனுப்பு. முடியாவிட்டால் பரவாயில்லை.

உண்மையைச் சொன்னால், உன்னோடு பேச எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. கேட்கக் கூடாது என்று நீ சொன்னதை எடுத்துவிட்டுப் பார்த்தால், உனக்கும் எனக்கும் நடுவில் மூன்று வருடமாக வேறு பேச்சே இருந்ததில்லை போலிருக்கிறது.

உன் அண்ணனுக்குப் பல்வலி. அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதலாம், அவ்வளவு புலம்பல்.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணிக்கு,

துண்டு கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் நானே சின்னப் பாத்திரத்தில் கலந்து போட்டேன். நான்கு தடவை. மெஷினில் வைக்கவில்லை, அது கம்பெனி வேலைக்கு மட்டும். கண்ணால்தான் பார்த்தேன். நான்காவதை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

இங்கே பகல் விளக்கு பழசாகிவிட்டது. ஒரு வாரமாகச் சிவப்பெல்லாம் கொடியில் கிடந்து வெளுத்தது மாதிரி இருக்கிறது. மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். புது விளக்கும் அப்படியே. மலிவுச் சரக்கு. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்குக்கா" என்கிறாள். அனுபவம் போதாது.

அண்ணி, ஒன்று செய்யுங்கள். துண்டைக் கடைக்குள் வைத்துப் பார்க்காதீர்கள். வெளியே வெயிலுக்கு எடுத்துப் போய், நாற்காலித் துணி மேலேயே வைத்துப் பாருங்கள். முதலாளியையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்காக மழுப்ப வேண்டாம். சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுங்கள். தொழிலில் எனக்குக் கோபம் வராது.

சீக்கிரம் எழுதுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 29

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

துண்டு வந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. முதலாளியும் பார்த்தார்.

மீட்டர் கணக்கில் போட வேண்டாம். ஓட்டல்காரர்கள் மனம் மாறி ஆறு நாற்காலிக்கும் புதுத் துணியே போடச் சொல்லிவிட்டார்கள். பச்சை. உன் உழைப்பு வீணாய்ப் போனதுதான் வருத்தம்.

உன் அண்ணன் பல்லைப் பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது.

அண்ணி

*

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பச்சையோ நீலமோ, எதையாவது போட்டுக்கொள்ளட்டும். சரியாக இருந்தது அல்லவா, அது போதும்.

நேற்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குக்கா?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

அண்ணனுக்கு எத்தனை பல் மிச்சம்?

வக்கீல்

*

ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

உன் அண்ணன் நேற்று இரவு உன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

பிறகு சொன்னார். மூவாயிரம் மீட்டர் துணி திரும்பி வந்ததாம். உன் கையெழுத்துப் போட்டுப் போன துணி. அதற்கு மறுநாள் காலை, கண் விழித்தபோது, வலது கண்ணில் ஒன்றும் இல்லையாம். ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றி, பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்து, அதற்குப் பிறகு விரல்களை எண்ண முடிகிற அளவு திரும்பியிருக்கிறதாம். அதற்கு மேல் திரும்புமா என்று தெரியாதாம். ஜனவரியில் போட வேண்டிய மருந்து போடவில்லை என்றும் சொன்னார்.

முதல் நாள் அவரோடு நானும் வந்தேன், உனக்குத் தெரியாது. உன் வார்டு வாசல் வரை வந்தேன். அவர் உள்ளே போய், அண்ணியை வரச் சொல்லவா என்று மட்டும் உன்னிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து, "அவ உன்னைப் பார்க்க வேண்டாங்கறா. இப்ப போயிடு" என்றார். வராந்தாவில் ஒரு நீல நாற்காலி இருந்தது. உறை கிழிந்து பஞ்சு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறினேன்.

நீ அனுப்பிய துண்டு சரியாக இல்லை.

உறையைப் பிரித்ததும் தெரிந்தது. நான் அனுப்பியது மாதுளை. வந்தது செங்கல். வெயிலுக்கே போக வேண்டியிருக்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க நாத்தனார் கண்ணை அடகு வச்சுட்டாங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பழைய விளக்கு, புது விளக்கு, கொடியில் வெளுத்த சிவப்பு. உன் அண்ணனிடம் காட்டினேன்.

"அவ உடம்பைப் பத்தி உன்கிட்ட கேட்டாளா? துணியைப் பத்திக் கேட்டா. கேக்காததைச் சொல்லி ஒரு வேலையைக் கெடுத்தாச்சு. இதையும் கெடுக்கணுமா?" என்றார். அவர் மேல் பழி போட எழுதவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது என்பதற்காக எழுதுகிறேன். சாயம் காயும்போது மாறியிருக்கும், தபாலில் சூடுபட்டிருக்கும் என்று நானே காரணங்களைச் சேர்த்துக்கொண்டேன். பொய்க் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைத் தபாலில் போட்டேன்.

நவம்பரில் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன். மார்ச்சில் எல்லாம் தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அவருக்குத்தான் முதலிலேயே தெரியுமே. பார், இன்னமும் ஒளிக்க ஏதாவது தேடுகிறேன்.

அண்ணி

*

மே 26

அண்ணிக்கு,

தடிமனான பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வரும். தாள் நிறைய ஆகும். படியுங்கள்.

உங்கள் கடிதத்தை அந்தப் பெண்தான் முதலில் படித்துக் காட்டினாள். "செங்கல்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "அக்கா, மிச்சத்தை நீங்களே படிச்சுக்கறீங்களா?" என்றாள். இடது கண்ணைத் தாளோடு ஒட்டிவைத்து ஒரு நாள் முழுக்கப் படித்தேன்.

நீங்கள் எதற்காக வருந்துகிறீர்கள் என்று உங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

உங்கள் நாற்காலித் துணி வருவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குச் சந்தேகம். வலது கண்ணைத் திருப்பினால் பின்பக்கம் வலித்தது. விளக்கு மாற்றியும் சிவப்பு மாறவில்லை. அந்தப் பெண்ணிடம் காட்டிக் கேட்டால் அன்றைக்கே பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் ஊர் மாறி வந்ததே ஒரு தடவையாவது என்னை யாரும் நோயாளியாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

அப்போது உங்கள் துண்டு வந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் நான் கேட்காமல் கேட்கலாம் என்று தோன்றியது. கரண்டி விழுந்த நேரத்தைக்கூட எழுதி வைக்கிறவர், செங்கல்லை மாதுளை என்று விட்டுவிடுவாரா? நிபந்தனையை நான் உடைக்க வேண்டாம். நீங்களும் உடைக்க வேண்டாம். துணியைப் பற்றித்தான் கேள்வி, துணியைப் பற்றித்தான் பதில். வெயிலில் வைத்துப் பாருங்கள், மழுப்ப வேண்டாம், சீக்கிரம் எழுதுங்கள் என்று எழுதினேனே, ஒரு சாண் துணிக்கு யாராவது அப்படிக் கெஞ்சுவார்களா?

பத்துப் பன்னிரண்டு நாள் தபாலுக்குக் காத்திருந்தேன். சரியில்லை என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதாக முடிவு செய்து துணிகளைக்கூடப் பையில் எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் சரியாக இருக்கிறது என்று எழுதினீர்கள். பையைப் பிரித்தேன். இரண்டு வாரம் அந்த இரண்டு வார்த்தையின் மேல் நடந்தேன். வலி வந்தபோதெல்லாம், அண்ணியே பார்த்துவிட்டார்கள், முதலாளியும் பார்த்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த முதல் வாரத்திலேயே வந்திருந்தால் என்று இங்கே டாக்டரும் சொன்னார். எல்லா டாக்டர்களுக்கும் இந்த வாக்கியத்தை யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள்.

முழுப் பழியும் உங்கள் மேல் இல்லை. சரியாக இருந்த துணியில் ஒரு மீட்டர்கூட வேண்டாம் என்று எழுதினீர்களே, பச்சை என்று எழுதினீர்களே. வேறு யாருக்காவது அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன், இது பொய் என்று. அன்றைக்கு எனக்குப் பொய்தான் வேண்டியிருந்தது. பொய் சொல்லத் தெரியாத ஒருவரிடம் போய் வாங்கினேன்.

வாயை மூடு என்று உங்களிடம் சொன்னது நான்தான். நீங்கள் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டீர்கள்.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.

*

ஜூன் 3

நீ எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். இந்த ஒரு கடிதம் மட்டும்.

உன் கடிதத்தில் எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். நான் பேசாமல் இருந்தது உன் நிபந்தனைக்காக மட்டும் இல்லை. மறுபடி நான் தப்பாகச் சொல்லி, மறுபடி நீ என்னை அப்படிப் பார்ப்பாயோ என்ற பயம். பெட்டி கட்டிய அன்று பார்த்தாயே, யாரோ மாதிரி. உன் கண்ணைவிட என் மேல் விழும் உன் பார்வையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன். இதை எழுத மூன்று நாள் ஆனது.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. உனக்கு உடம்பு கெட்டால் நீ உடம்பைச் சொல்லமாட்டாய். பக்கத்தில் இருக்கும் பொருளைத்தான் குறை சொல்வாய். முதல் தடவை கால் மரத்தபோது செருப்புக்காரனைத் திட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டுக்கும் ரெண்டு எடை வச்சு தச்சிருக்கான்" என்று. இந்தத் தடவை விளக்கு. அந்த நோட்டில் கரண்டியும் படியும் எழுதினேன், இதை எழுதவில்லை.

நீ எழுதும்வரை நான் எழுதமாட்டேன்.

அண்ணி

*

செப்டம்பர் 14

அண்ணிக்கு,

நான்கு மாதம் ஆகப்போகிறது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத உட்காரவில்லை. தீர்ந்ததா என்று பார்த்தால், பாதி தீர்ந்திருக்கிறது. மீதியை வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது என்று தெரியவில்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பட்டறையில் என்னை வெளியே அனுப்பவில்லை. இப்போது ஆர்டர் ஃபோன் எடுக்கிறேன். வாடிக்கையாளர்கள் நிறத்தைச் சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள். "அந்த மாதிரி நீலம் இல்லைங்க, இன்னும் கொஞ்சம் சோகமான நீலம்" என்பார்கள். எனக்கு அது என்ன நீலம் என்று தெரியும். சாயத்தின் எண்ணைச் சொல்வேன். அந்தப் பெண் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா பார்க்காமலேயே?" என்கிறாள். அவள்தான் இப்போது ஷேடு பார்க்கிறாள். இன்னமும் தலையைத் திருப்பித்தான். சொல்லிப் பார்த்துவிட்டேன், பழகிவிட்டதாம்.

மருந்து மே மாதமே ஏற்றிக்கொண்டேன். இப்போது அதைக் கேட்கலாம் நீங்கள். கடிதத்துக்கு ஒரு கேள்வி.

ஸ்டீராய்டு உடம்பை ஏற்றிவிட்டது. கன்னம் இரண்டும் பன் மாதிரி. ஒரு வாரமாகச் சுடிதார் நாடாவை எவ்வளவு தளர்த்தினாலும் இடுப்புக்கு மேலே வளையம் போட்டது மாதிரி இறுக்குகிறது. நைட்டி போட்டுப் படுத்தால்கூட அந்த இறுக்கம் போவதில்லை, அவ்வளவு சதை போட்டிருக்கிறேன். இங்கே ஹீட்டரும் மோசம். ஒரே வாளித் தண்ணீர் வலது தொடையில் சுடுகிறது, இடது தொடையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால், "எங்களுக்கெல்லாம் நல்லாத்தானே வருது?" என்கிறார். அடுத்த மாதம் வேறு அறை பார்க்க வேண்டும்.

அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். நீங்களும் வருவதானால் வாருங்கள். முன்கூட்டியே எழுதுங்கள், கூட்டி வைக்க வேண்டும்.

வக்கீல்

*

செப்டம்பர் 17

உன் அறை வாசலில், மேல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் காலை பதினொன்றுக்கு வந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பட்டறைக்கு ஃபோன் செய்து, "ஆர்டர் எடுக்கறவங்க கிட்ட பேசணும்" என்றேன். உன் குரல் வந்தது. வைத்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் உன்னாலும் வைத்துவிட முடியும். வாசலில் நிற்பவளை அப்படி வைக்க முடியாது. அதோடு, மேனேஜரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

வாயால் சொன்னால் பாதியில் நீ வாதாட ஆரம்பிப்பாய், நான் தோற்றுவிடுவேன். அதனால் நீ படியேறி வந்ததும் இந்தத் தாளைக் கையில் கொடுக்கப்போகிறேன். நின்றுகொண்டே படி.

நாடா இறுக்கவில்லை. நாடா இல்லாமல் படுத்தாலும் இறுக்குவது நாடா அல்ல. ஹீட்டரும் கெட்டுப்போகவில்லை. ஒரே வாளித் தண்ணீர் ஒரு காலுக்கு மட்டும் சூடாக இருக்காது. ஒரு வாரம் என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் சொன்னது ஒரு நாள். இதற்குள் உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லித் தப்பித்திருப்பாய்.

இது முதுகுத்தண்டாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெறும் சதையாகவே இருந்து, நாளைக்கு ஒரு நாள் லீவு போனதுக்கும், வீட்டுக்காரம்மா முன்னால் மானம் போனதுக்கும் நீ என்னோடு ஒரு வருடம் பேசாமல் இருக்கலாம். நவம்பரில் நான் தப்பு. இன்றைக்கும் தப்பாக இருந்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் நான்கு மணி நேரம் வேண்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் சொல்கிறேன்: சரியாக இல்லை. நீ எழுதியதில் எதுவும் சரியாக இல்லை.

கீழே ஆட்டோ நிற்கிறது. காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்கும்படி ஆனால் உன் அண்ணன் காலையில் வந்துவிடுவார். மாற்றுத் துணி என் பையிலேயே இருக்கிறது. அளவு கொஞ்சம் பெரிதாகத்தான் எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் காலடிச் சத்தம் கேட்கிறது. பதினான்காவது படியில் நின்று, கைப்பிடியை மாற்றிப் பிடித்து, இடது காலை இழுத்து வைக்கிறாய். ஆமாம், கவனித்தேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

படித்து முடித்ததும் என்னைத் திட்டு. உள்ளே போய் உட்கார்ந்து திட்டாதே. திட்டிக்கொண்டே திரும்பிப் படியிறங்கு, நான் இடதுபக்கம் வருகிறேன்.